அட்வான்ஸ் வாங்கப் போற பேரனுக்கு

ஏலே, உன் ராக் பேண்டுக்கு எவனோ அட்வான்ஸ் தாரேன்னானாமே! விடாதே, வாங்கிப்போடு. பத்திரத்தை மட்டும் வாசிச்சுப் பாக்காதே, கண்ணு கெட்டுப்போவும்.

உன் ரூம்புல ஒரு படம் ஒட்டியிருக்கியே, கண்ணாடி போட்ட ஒல்லிப் பய, சிகாகோக்காரன், ஸ்டீவ் ஆல்பினி. மொதல்ல அதைக் கிழி. பொழைக்கத் தெரியாதவன் அவன். நிர்வாணா பேண்டு பயலுவ பாட்டுப் பதியக் கூப்பிடுதானுவ. விக்கிறதுல நூத்துக்கு ஒண்ணு, ஒண்ணரைன்னு பங்கு கேப்பான்னு ரெக்கார்டு கம்பெனி காத்துக் கெடக்கு. 30 லட்சம் வித்தா 4 லட்சம் டாலர் தேறும்னு இவனே கணக்கும் போடுதான். போட்டுட்டு வேண்டாம்ங்கான்! குழாய் ரிப்பேருக்கு வந்தவனுக்குக் குடுக்க மாதிரி கூலியைக் குடு, போறேன்னு கடுதாசி எழுதிட்டான். 1993-ல ‘இன் யூட்டெரோ’ ஆல்பத்துக்கு வாங்குனது மொத்தமே 1 லட்சம் டாலர். அமெரிக்காவுல மட்டும் அது 50 லட்சத்துக்கு மேல வித்துது. அடுத்தவன் பாட்டுல எனக்கு என்ன பாத்தியதைன்னு மேக்கொண்டு ஒத்தச் சல்லி தொடலை.

அட்டையில புரொட்யூசர்னு பேரு போடச் சொன்னாலும் பயலுக்குக் கோவம் வரும். பதிஞ்சவன்னு போடு, போடாட்டியும் சரிங்கான். 1997-ல சொந்த ஸ்டூடியோ தொறந்தான், எலக்ட்ரிக்கல் ஆடியோன்னு. அங்கயும் மெக்கானிக் மாதிரி டவுசரும் சட்டையும் ஒண்ணாத் தச்ச உடுப்பை மாட்டிக்கிட்டுத்தான் நிப்பான். டிரம்ஸுக்குக் கிட்டத்துல மைக்கு வைப்பான். அது பத்தாதுன்னு, சுவத்துல மோதித் திரும்புத சத்தத்தைப் பிடிக்க எட்டத்துல தரையோட தரையாவும் வைப்பான். பதியறது டேப்புல. பிசகுனா திரும்ப வாசிக்கணும். உனக்கு ஆகுமாலே? நீ கம்ப்யூட்டரை நம்பிப் பொறந்தவன்லா!

அவன் 1993-ல எழுதுன ஒரு கணக்கு உண்டு, உங்கம்மை கண்ணுல காட்டிராதே. நாலு பேரு பேண்டு, இரண்டரை லட்சம் டாலர் அட்வான்ஸ். ஆளு கற்பனை, தொகை பூரா பத்திரங்கள்ல வழக்கமா வாரதுதான். வக்கீல், மேனேஜர், ஏஜெண்டு, வீடியோ, பஸ்ஸு, அம்புட்டும் பயலுவ கணக்குலதான் ஏறும். கடைசியில கம்பெனிக்கு 7,10,000. புரொட்யூசருக்கு 90,000. வாசிச்ச பயலுவளுக்கு ஆளுக்கு 4,031 டாலரும் கால் டாலரும். அந்தக் காலையும் விடாம எழுதியிருக்காம்லே! தெருமுனைக் கடையில நின்னிருந்தா இது மாதிரி மூணு மடங்கு கெடச்சிருக்கும்ங்கான். பொறாமை புடிச்சவன். கடையில நின்னா பஸ்ஸுல படுத்துக்கிட்டு ஊர் சுத்த முடியுமா?

அவன் சொந்தப் பேண்டு ஷெல்லாக்குல மூணே பேரு. வேற வேலை பாத்துக்கிட்டு, ஒழிஞ்ச நேரம் சேந்து வாசிப்பானுவ. 2024-ல அறுபத்தொண்ணு வயசுல மாரடைப்புல போனான். அப்பவும் அவங்க ஆல்பம் ஒண்ணு வெளிவர வேண்டியிருந்துது. துட்டு வந்த இன்னொரு வழி கேக்கியா? சீட்டாட்டம். உலகப் போட்டியில ரெண்டு தடவை ஜெயிச்சான். 2022-ல ஒரே போட்டியில 1,96,089 டாலர், நிர்வாணா கூலியில ரெட்டிப்புக்கிட்ட. இதை மட்டும் கத்துக்கிடாதே, உங்கப்பன் என்னைத் தொலைச்சிருவான்.

பொறவு, ஆம்ப் வாங்க என்கிட்ட ரூவா கேட்டு, வருமானத்துல பங்கு தாரேன்னு சொன்னியாம்லா. எனக்குப் பங்கு வேண்டாம்லே. மாசாமாசம் எவ்வளவு திருப்பித் தருவேன்னு ஒரு தாளுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டா.