இரண்டு வெள்ளி, இரண்டு பெயர், ஒரே துரை

ஒலிம்பிக் குழுவின் கணக்குப்படி ஆசிய நாடொன்றுக்கு முதன்முதலாகப் பதக்கம் எடுத்துக்கொடுத்தவர் யார்? ஜப்பான்காரரா, சீனாக்காரரா? இல்லை ஐயா. 1875இல் கல்கத்தாவில் பிறந்த ஒரு வெள்ளைக்காரத் துரை! பெயர் நோர்மன் பிரிட்சார்ட்.

கல்கத்தா சேவியர் கல்லூரிப் பொடியன். வங்காளத்தின் 100 யார் பட்டத்தை 1894 தொடக்கம் 1900 வரை, ஏழு வருசம், ஒருத்தருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் கால் சும்மா கிடக்குமா? 1897இல் உதைபந்தாட்டத்தில் இறங்கி ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தார். இந்தியாவில் பதிவான முதல் ஹற்றிக் அதுதானாம். இன்றைக்கென்றால் சப்பாத்துக் கம்பனிகள் வாசலில் கியூ நின்றிருக்கும். அவருக்குக் கிடைத்தது இந்திய உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளர் நாற்காலி!

1900இல் இங்கிலாந்துக்குப் போனவர், அங்கே பந்தயம் ஓடிவிட்டு அப்படியே பாரிசுக்கும் போய்ச் சேர்ந்தார். ஒலிம்பிக் என்றதும் தீபம், அணிவகுப்பு என்று கற்பனை பண்ணாதீர்கள். உலகப் பொருட்காட்சியோடு ஒட்டிக்கொண்டு மே தொடங்கி ஒக்டோபர் வரை இழுபட்ட சங்கதி அது. தடகளக்காரரைப் பூங்காவில், புல்லுத்தரையில் ஓடவிட்டார்கள். தட்டு எறிந்தால் மரத்தில் போய் விழுந்தது. கோல்ப் வென்ற மார்கரெட் அபட் அம்மாவோ, தான் ஒலிம்பிக் சாம்பியன் என்று தெரியாமலேயே கண்ணை மூடினார்!

துரை ஐந்து போட்டிகளில் இறங்கினார். 200 மீற்றரில் டியூக்ஸ்பரிக்குப் பின்னால் இரண்டாமிடம். 200 மீற்றர் தடைதாண்டலில் கிரென்ஸ்லைனுக்குப் பின்னால் இரண்டாமிடம். இந்தக் கிரென்ஸ்லைன் நாலு போட்டிகளை வென்ற அசகாய சூரன். நீளம் பாய்தலில் தோற்றவர் ஆத்திரத்தில் அவர் முகத்தில் குத்தினார் என்றுகூடக் கதை உண்டு. மறுகா ஜேர்மனி அவரைச் சம்பளம் பேசிக் கூப்பிட்டது, 1916 பெர்லின் ஒலிம்பிக்குக்குத் தன் ஓட்டக்காரரைத் தயார்பண்ண. பயிற்சியாளர் வந்தார், கூடவே உலகப்போரும் வந்தது. ஒலிம்பிக்தான் வரவில்லை!

எங்கட துரைக்கு ஓட்டம் அலுத்துவிட்டது. கல்கத்தாவை விட்டு இங்கிலாந்து போய் மேடையேறினார், பெயரையும் நோர்மன் ட்ரெவர் என்று மாற்றிக்கொண்டார். பிறகு அமெரிக்கா, பிராட்வே, ஹொலிவூட். 1926இல் வந்த 'போ ஜெஸ்ட்' படத்தில் பிரெஞ்சு மேஜர் வேடம். வங்காளத்தில் வளர்ந்த ஆங்கிலேயன் பிரெஞ்சுக்காரனாக நடித்தால் உச்சரிப்பு உதைக்காதா? உதைக்காது. அது ஊமைப்படம்!

1929இல் கலிபோர்னியாவில் அவர் கதை முடிந்தது. சண்டை அதற்குப் பிறகுதான்.

இல்ல விளையாட்டுப் போட்டி நடக்கும் நாளில் மட்டக்களப்புப் பள்ளிக்கூடப் பக்கம் போனவர்களுக்கு இது விளங்கும். சுண்ணாம்புக் கோட்டில் பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். "அவன் எங்கட இல்லம், புள்ளி எங்களுக்கு" என்று இரண்டு கூடாரத்திலிருந்தும் ஆட்கள் கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். பிரிட்சார்ட் விசயத்திலும் அதேதான். "லண்டன் கழகத்தில் ஓடியவர், எங்கள் ஆள்" என்கிறது பிரித்தானியப் பக்கம். "கல்கத்தாவில் பிறந்தவர், எங்கள் ஆள்" என்கிறது இந்தியா. ஒலிம்பிக் குழு இரண்டு வெள்ளியையும் இந்தியாவின் கணக்கில் போட்டுவைத்திருக்கிறது. சர்வதேசத் தடகளச் சங்கமோ 2005இல் பிரித்தானியாவின் பெயரில் எழுதியது. உயிரோடு இருந்தபோது துரையை ஒரு தேசமும் இப்படித் தேடியதில்லை!

சரியாக நூறு வருசம் கழித்து, 2000இல் சிட்னியில், அதே 200 மீற்றரில் எங்கட இலங்கையின் சுசந்திகா மூன்றாவதாக வந்தார். முதலாவது வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்தில் மாட்ட, வெண்கலம் வெள்ளியானது. அதுவும் ஒன்பது வருசம் கழித்து! ஆனாலும் அந்தப் பதக்கம் எந்த நாட்டுக்கு என்று ஒருத்தரும் அடிபடவில்லை.

இந்தியாவுக்குத்தான் தலையிடி. 1952இல் மல்யுத்தத்தில் ஜாதவ் வெண்கலம் எடுத்தார். "இந்தியாவின் முதல் தனிநபர் பதக்கம்" என்று ஆசையாக எழுதமுடியாது, துரை குறுக்கே நிற்பார். ஆகவே "சுதந்திர இந்தியாவின்" என்று ஒரு ஒட்டு. 2021இல் நீரஜ் சோப்ரா ஈட்டியை 87.58 மீற்றர் எறிந்து தங்கம் வென்றபோதும் அதே சிக்கல்: "தடகளத்தில் முதல் பதக்கம்" என்று எழுதியவர்களைத் திருத்த உடனே ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். மேஜர் வேடம் போட்ட துரைக்கு 121 வருசம் கழித்தும் ஒரு வரி ஒதுக்கவேண்டியதாயிற்று!