களிக்கு ஆறாயிரம்

மாரண்டஹள்ளிக்காரர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் பெங்களூர்க்காரர்கள் எந்த மலையையும் காற்றையும் தேடிக் காரைக் கிளப்புகிறார்களோ, அதெல்லாம் எங்களுக்கு டவுன் பஸ் ஜன்னலுக்கு வெளியே தினமும் ஓடுகிற சமாசாரம். அதனால் எங்கள் அகராதியில் சுற்றுலா என்றால் ஊட்டி, திருப்பதி. அதையும் விட்டால் ஓசூர் ஜவுளிக்கடை.

இந்தத் தை மாதம் அதை மாற்றிவிடுவது என்று தீர்மானித்தேன். சொந்தக் காரில் சொந்தச் சீமையையே ஒரு வட்டம் அடிப்பது. வழியெல்லாம் கண்ணுக்குக் குளிர்ச்சி, ராத்திரி தங்க மண்வாசனையோடு ஓர் இடம், சாப்பிட அந்தந்த ஊர்ச் சாப்பாடு.

வழி போடுவதில் சிரமமே இல்லை. வடக்கே போனால் ராயக்கோட்டை. மேலே, 1791-ல் மைசூர்ப் போரின்போது திப்புவிடமிருந்து கும்பினிப் படை பிடித்த கோட்டை. கீழே தக்காளி மண்டி. அங்கிருந்து கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை. பிறகு காட்டு வழியில் அஞ்செட்டி, நாட்றாம்பாளையம், ஒகேனக்கல். திரும்பும்போது பென்னாகரம், பாப்பாரப்பட்டி, பாலக்கோடு, வீடு. பொழுது சாய்வதற்குள் காட்டைத் தாண்டிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

ரோடு ஒத்துக்கொண்டது. குடும்பம்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

பாப்பாரப்பட்டியில் இறங்கி விடுதலைப் போராட்டத் தியாகி சுப்பிரமணிய சிவா நினைவிடத்தைப் பார்க்க வேண்டும் என்று மாமாவிடம் சொன்னேன். தொழுநோய் என்று காரணம் காட்டி ரயிலில் ஏற அரசாங்கம் தடை போட்டதும், கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகச் சுற்றிய மனிதர். பாரத மாதாவுக்குக் கோயில் கட்டியே தீருவது என்று நின்றவர். 1925 ஜூலை 23-ஆம் தேதி பாப்பாரப்பட்டியில்தான் கண்ணை மூடினார். மாமா உருகிப்போய்க் கேட்டார். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

“பெரிய மனுஷன்பா! அது கிடக்கட்டும், வண்டிக்கு ஏசி கேஸ் ரொப்பிட்டியா?”

அடுத்தது தங்குமிடம். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு பண்ணை விடுதியைக் கண்டுபிடித்தேன். மண் சுவர், நாட்டு ஓடு, கயிற்றுக் கட்டில், லாந்தர் விளக்கு, கிணற்றடிக் குளியல், ராத்திரிக்கு ராகிக் களியும் பச்சை மொச்சைக் குழம்பும். ஒரு ராத்திரிக்கு ஆறாயிரம் ரூபாய். படத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“ஏன்டா, இது அச்சா எங்கப்பன் வீடு மாதிரியே கீதே! அங்கிருந்து தப்பிச்சா போதும்னுதான் உங்கப்பனைக் கட்டிக்கிட்டேன். திரும்ப அங்கயே போறதுக்கு ஆறாயிரமா?”

மனைவிக்கு வேறு கவலை. “என்னங்க, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கான்னு கேளுங்க.”

போன் போட்டேன். “கவலையே படாதீங்க சார், எல்லாம் அட்டாச்டு. உள்ள பூரா டைல்ஸ்தான். மண்ணெல்லாம் வெளிப்பக்கம் மட்டும்” என்றது அந்தக் குரல்.

கும்பினி அதிகாரி தாமஸ் மன்றோவைப் பாருங்கள். 1792-லிருந்து 1799 வரை, பாராமகால் என்ற எங்கள் சீமையில்தான் இருந்தார். குதிரையில் கிராமம் கிராமமாகப் போய், கூடாரம் அடித்துத் தங்கி, நிலத்துக்கு வரி போட்டார். அவருக்கு அது முடிந்தது. காரணம், அவருடைய குடும்பம் ஸ்காட்லாந்தில் இருந்தது.

சாப்பாட்டு விஷயம் இன்னும் சுவாரசியம். ஒகேனக்கல்லில் ஆற்று மீனை வாங்கிக் கொடுத்தால் அங்கேயே குழம்பும் வறுவலுமாகச் செய்துகொடுக்கிற பெண்கள் இருக்கிறார்கள். எண்ணெய் தேய்த்து உருவி விடுகிறவரிடம் உடம்பைக் கொடுத்து, அருவியில் தலையைக் கொடுத்து, அதன்பிறகு அந்த மீனைச் சாப்பிட வேண்டும். ‘ரோஜா’ படத்தில் அருவியைப் பார்த்தவர்கள் பாதி ஒகேனக்கல்லைத்தான் பார்த்திருக்கிறார்கள். மீதிப் பாதி அந்தக் குழம்புச் சட்டியில் இருக்கிறது. இதை நான் இவ்வளவு விளக்கமாகச் சொன்னதும் அம்மா, “நாம போறது சனிக்கிழமை” என்றாள். சனிக்கிழமை எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. பையன் ஃப்ரைடு ரைஸ் கிடைக்குமா என்றான். மனைவி ஒன்றும் சொல்லாமல் புளிசோற்றுக்குப் புளி ஊறவைத்தாள். கூடவே இட்லிப் பொடி, முறுக்கு, ஃபிளாஸ்க், மாமாவுக்குத் தலையணை. உள்ளூர் ருசி தேடிப் போகிற வண்டியின் டிக்கி நிறைய எங்கள் வீட்டுச் சமையலறை.

யோசித்துப் பார்த்தால், இந்தச் சீமையில் ஒழுங்காகச் சுற்றுலா போகத் தெரிந்த குடும்பம் யானைக் குடும்பம் ஒன்றுதான். வருஷா வருஷம் ராகி முற்றுகிற சமயம் பார்த்து பன்னேருகட்டாக் காட்டிலிருந்து கிளம்பி, ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை, ஊடேதுர்கம், சானமாவு என்று தங்கித் தங்கி வருகின்றன. மூத்த பெண் யானை முன்னால் நடக்கும். எல்லாம் பின்னால் போகும். வழியில் ஏசி கேட்கிற மாமா கிடையாது. தங்குவது பூரா மண், உள்ளே டைல்ஸ் இல்லை. சாப்பாடு சுத்தமான உள்ளூர்ச் சாப்பாடு: ராகி, கரும்பு, வாழை. சனிக்கிழமையும் உண்டு.

பில் மட்டும் கொடுப்பதில்லை. அதைக் கொடுப்பவன், பனியில் பரண் மேல் ராத்திரியெல்லாம் விழித்துக் கிடக்கிற விவசாயி. சில சமயம் யானையும் கொடுக்கிறது. 2023 மார்ச்சில் எங்கள் மாரண்டஹள்ளிப் பக்கமே ஒரு தோட்டத்து மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் தப்பித்து அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தன. அதன்பிறகு யானை வழி என்று பேச்செடுத்தாலே எங்கள் ஊரில் சிரிப்பு கொஞ்சம் தயங்கித்தான் வருகிறது.

என் திட்டத்துக்கு வருகிறேன். தை பிறந்தது, பொங்கலும் போனது. மாமாவுக்கு முட்டி வலி, பையனுக்குப் பரீட்சை. வண்டி கிளம்பவே இல்லை. இந்த நேரத்தில் பெங்களூரில் வேலை பார்க்கும் மகளிடமிருந்து போன்.

“அப்பா, ஆபீஸ் ஃபிரண்ட்ஸ் எல்லாம் கிராமத்துப் பக்கம் வரணும்ங்கறாங்க. மலை, பழைய வீடு, லோக்கல் ஃபுட். நம்ம வீட்டுக்கே கூட்டிட்டு வரட்டுமா?”

வந்தார்கள். பெயர்ந்த காரைச் சுவரைப் படம் எடுத்தார்கள். கீஜர் கெட்டுப்போய் அம்மா விறகடுப்பில் வெந்நீர் போட்டதை ஏதோ பாரம்பரியம் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். பஞ்சப்பள்ளி அணைக்குப் போய்வந்து, மாடியில் பாய் விரித்துப் படுத்தார்கள். ராத்திரி களியும் மொச்சைக் குழம்பும். மெல்லக் கூடாது, குழம்பில் புரட்டி அப்படியே விழுங்க வேண்டும் என்று அம்மா பாடம் எடுத்தாள். ஒரு பையன் மூன்றாவது உருண்டை கேட்டான்.

அம்மா துடுப்பை வைத்துவிட்டு அடுப்பங்கரைக்கு என்னைக் கூப்பிட்டாள். ஆளுக்கு ஆறாயிரம் வாங்கியாச்சா என்று கேட்பாளோ என்று பயந்துகொண்டே போனேன்.

“காசெல்லாம் வேணாம்டா, நம்ம புள்ளைங்க. ஆனா நாளைக்குப் பன்னண்டு மணிக்கு செக்-அவுட்டுன்னு சொல்லிப்புடு. இன்னொரு சட்டி கிண்ட என் கையில தெம்பு இல்ல.”