பந்தயம் உங்களுடையது, வயிறு அவளுடையது

சிசேரியனுக்கு நாள் குறிக்கும் கலையில் நம்மை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ராகு காலத்தையும் எமகண்டத்தையும் ஒதுக்கி, நட்சத்திரம் பார்த்து, லக்கினம் பார்த்து, "டாக்டர், காலைல ஆறு பத்துலேர்ந்து ஆறு நாற்பதுக்குள்ள எடுத்துடுங்க" என்று துண்டுச்சீட்டு நீட்டும் சம்பந்திகளைச் சென்னையின் மேற்குப் புறநகரில் அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் எந்த நர்சிங் ஹோமிலும் பார்க்கலாம். 2025 ஜனவரியில் இந்தக் கலை கடல் தாண்டியது. இந்த முறை முகூர்த்தம் குறித்துக் கொடுத்த ஜோசியர் டொனால்டு டிரம்ப்.

ஜனவரி 20 அன்று பதவியேற்ற கையோடு அவர் ஓர் ஆணையில் கையெழுத்துப் போட்டார். தாய் தற்காலிக விசாவில் இருந்து, தந்தையும் அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டுக்காரராகவோ இல்லாவிட்டால், பிப்ரவரி 19-க்குப் பிறகு பிறக்கும் பிள்ளைக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடையாது. அவ்வளவுதான். இந்தியத் தம்பதிகள் குறித்த தேதிக்கு முன்பே வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்துவிடச் சொல்கிறார்கள் என்று நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் மருத்துவர்கள் பத்திரிகைகளிடம் சொன்னார்கள். ஏழு மாதக் கர்ப்பிணியைக்கூடக் கணவர் அழைத்து வந்தாராம். நுரையீரல் முற்றியிருக்காது, எடை இருக்காது, நரம்புக் கோளாறு வரலாம் என்று மருத்துவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. நுரையீரல் முற்றாவிட்டால் என்ன, பாஸ்போர்ட் முற்றிவிடுமே!

வேடிக்கை இதற்குப் பிறகுதான். ஆணை வந்த மூன்றாம் நாளே சியாட்டில் நீதிபதி ஜான் கோகனார் அதற்குத் தடை போட்டார். பிப்ரவரி 20 விடிந்தபோது அந்த ஆணை அமலிலேயே இல்லை. பிறந்த மண்ணிலேயே குடியுரிமை தரும், 1868-இல் ஏற்கப்பட்ட பதினான்காவது அரசியல் சட்டத் திருத்தம் அன்றைக்கும் இருந்த இடத்திலேயே இருந்தது. அவசரப்பட்டுக் கத்தியைத் தேடியவர்கள் நடக்காத கல்யாணத்துக்கு மொய் எழுதியவர்கள்.

இவர்களில் பலர் ஹெச்-1பி வேலை விசாக் குடும்பங்கள். கம்பெனி கொடுத்த காப்பீடாவது கையில் இருந்திருக்கும். நம் பக்கத்துச் சூரர்கள் அதற்கும் மேலே. மருமகள் மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்த வாரமே டூரிஸ்ட் விசாவுக்கு விசாரிக்கிறவர்கள். அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்குச் "சும்மா சுத்திப் பாக்க" வயிற்றுப் பிள்ளையோடு கிளம்புகிறவர்கள். நடைபாதைக் குழிக்குப் பயந்து அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஸ்டேஷனுக்கு நடக்கவிடாத மாமியார், இருபது மணி நேரத்துக்கு மேல் இரண்டு விமானம் மாற்றிப் போக அவளை வழியனுப்புவார். பெரும்பாலான விமான நிறுவனங்கள் 28 வாரத்துக்குமேல் டாக்டர் சீட்டு கேட்கும், 36 வாரத்துக்குமேல் ஏற்றாது. அதற்காகவே கணக்குப் போட்டு முன்கூட்டிக் கிளம்பும் அறிவாளிகள் இவர்கள்.

விசா அதிகாரி கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லித்தர ஆள் இருக்கிறது. தளர்வான சுடிதார், நயாகரா அருவி, இரண்டு வாரம், திரும்பிவர டிக்கெட். 2020 ஜனவரி 24 முதல் அமெரிக்க வெளியுறவுத் துறையின் விதி தெளிவாக இருக்கிறது: குழந்தை பெற்றுக் குடியுரிமை வாங்குவதே பயணத்தின் முதன்மை நோக்கம் என்று அதிகாரி கருதினால் விசா கிடையாது. சிகிச்சைக்கு வருவதாகச் சொன்னால், செலவைக் கட்டும் வசதியைக் காட்ட வேண்டும். ஆகவே பிறக்கப்போகும் அமெரிக்கக் குடிமகனின் வாழ்க்கை, அமெரிக்க அரசிடம் சொல்லும் ஒரு பொய்யில் பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்குகிறது.

சரி, காப்பீடு?

"டிராவல் இன்சூரன்ஸ் போட்டாச்சு சார்" என்பார் ஏஜென்ட். போட்டிருப்பார். விலை மலிவாகவும் இருக்கும். அந்தப் பாலிசியில் பெட்டி தொலைந்தால் பணம் உண்டு. விமானம் தாமதமானால் பணம் உண்டு. பாஸ்போர்ட்டைத் தொலைத்தால் பணம் உண்டு. பல்வலிக்குக்கூட ஏதோ உண்டு. வழக்கமான பயணக் காப்பீட்டில் கர்ப்பமும் பிரசவமும் மட்டும் விலக்குப் பட்டியலில் இருக்கும், பிறந்த குழந்தைக்கான சிகிச்சையும் சேர்த்து. பெட்டி தொலைவது விபத்து, பனிக்குடம் உடைவது உங்கள் சொந்த விஷயம் என்பது காப்பீட்டுத் துறையின் தத்துவம். அந்தப் பட்டியலை எறும்பு எழுத்தில் அச்சடித்தவனும் குற்றவாளி. அதைப் படிக்காமல் கையெழுத்து வாங்கிக் கமிஷன் எடுத்தவனும் குற்றவாளி. ஏர்போர்ட்டில் கையசைத்துவிட்டு அவன் அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விடுவான். ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்கு எந்த ஏஜென்டும் வருவதில்லை.

இனி அமெரிக்க மருத்துவமனையின் தர்மத்தைப் பார்ப்போம். 1986-இல் அவர்கள் ஒரு சட்டம் செய்தார்கள். அவசரப் பிரிவுக்கு வலியோடு வரும் கர்ப்பிணியைப் பணமில்லை என்று விரட்டக் கூடாது. நல்ல சட்டம். ஆனால் பில் போடக் கூடாது என்று அதில் இல்லை. ஆகவே அன்போடு சேர்த்துக்கொள்வார்கள், அன்போடு பிரசவம் பார்ப்பார்கள், பிறகு தனித்தனிக் கவர்களில் அன்பு வந்து சேரும். தாய்க்கு ஒரு பில், குழந்தைக்கு ஒரு பில், மயக்க மருந்து கொடுத்தவருக்கு ஒரு பில். பெரிய நிறுவனக் காப்பீடு உள்ள பெண்களுக்கே கர்ப்பம், பிரசவம், அதற்குப் பிந்தைய கவனிப்பு எல்லாம் சேர்ந்து சராசரியாக 18,865 டாலர் ஆகிறது என்று 2022-இல் கைசர் குடும்ப அறக்கட்டளையின் ஆய்வு கணக்கிட்டது. 16 லட்சம் ரூபாய்க்கு மேல். அது காப்பீட்டு நிறுவனங்கள் பேரம் பேசிக் குறைத்த விலை. பேரம் பேச ஆளில்லாமல் வருகிறவருக்கு மருத்துவமனை எழுதுவதுதான் கணக்கு. அதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால். குழந்தையை இன்குபேட்டர் பெட்டியில் வைத்தால் ஒவ்வொரு நாளுக்கும் ஆயிரக்கணக்கான டாலர்.

"அதெல்லாம் ஆயிரத்துல ஒருத்தருக்கு" என்பார்கள். 2013-இல் அந்த ஒருத்தராக ஆனவர் கனடாவின் சஸ்காட்சவான் மாகாணத்துப் பெண். ஆறு மாதக் கர்ப்பத்தில் ஹவாய்க்கு விடுமுறைக்குப் போனார். பயணக் காப்பீடு வாங்கிக்கொண்டுதான் போனார். இரண்டாம் நாள் பனிக்குடம் உடைந்தது. வாரக்கணக்கில் படுக்கை, ஒன்பது வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தை, இரண்டு மாதத் தீவிர சிகிச்சை. மொத்த பில் சுமார் 9,50,000 டாலர். முன்பு வந்த சிறுநீர்த்தொற்றைக் காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்தது. பிரசவத்துக்கென்று போகாத பெண்ணுக்கு, காப்பீடு வாங்கிய பெண்ணுக்கு, பணக்கார நாட்டுப் பெண்ணுக்கு இந்தக் கதி. திருமுல்லைவாயிலில் ஃபிளாட்டுக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு அந்தத் தொகையை ரூபாயில் சொன்னால், எத்தனை சைபர் என்று எண்ணி முடிப்பதற்குள் குழந்தை பள்ளிக்கூடம் போய்விடும்.

இதே ஊரிலிருந்து இன்னொருத்தியும் உருப்படியான காப்பீடில்லாமல் விமானம் ஏறுகிறாள். பிரசவம் பார்க்கப் போகும் அம்மா. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்றிருந்தது, இப்போது தாயே பெட்டி கட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் பறக்கிறாள். லேகியம் இருக்கும், சாம்பார்ப் பொடி இருக்கும், ஆறு மாதத்துக்கான பி.பி. மாத்திரையும் சுகர் மாத்திரையும் இருக்கும். அவளுக்கு வாங்குவது இருப்பதிலேயே மலிவான பாலிசி, ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று வரம்பு கட்டியது. ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பெரும்பாலும் கைவிரிக்கும். அறுபது வயதுக்காரிக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இல்லாமல் வேறென்ன நோய் வரும்? பிள்ளை பெறுகிறவளுக்கும் காப்பீடு இல்லை, பார்க்கிறவளுக்கும் இல்லை. சாமானுக்கு மட்டும் இருக்கிறது.

இத்தனைக்கும் கையில் கிடைப்பது என்ன? அமெரிக்க பாஸ்போர்ட் என்ற ஒரு நீலப் புத்தகம். அதை வைத்துப் பெற்றோர் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கப் பிள்ளைக்கு 21 வயது ஆக வேண்டும். அதுவரை அந்த அமெரிக்கர் பூந்தமல்லியில்தான் வளர்வார். இரட்டைக் குடியுரிமையை இந்தியா ஏற்பதில்லை. ஆகவே சொந்தப் பாட்டி வீட்டுக்கு வர விசாவோ, வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டையோ வேண்டும். ஓட்டு இல்லை. அரசு வேலை இல்லை. விவசாய நிலம் வாங்க முடியாது. 2021 மார்ச் 4-க்குப் பிறகு ஓ.சி.ஐ. பெற்றவருக்கு நீட் எழுதினாலும் என்.ஆர்.ஐ. இடம்தான், என்.ஆர்.ஐ. கட்டணம்தான். ஆவடியில் சம்பாதித்தாலும் அமெரிக்க வருமான வரித்துறைக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். பையன் என்றால் பதினெட்டு வயதில் அமெரிக்க ராணுவச் சேர்ப்புப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பிள்ளைக்குச் சொத்து சேர்த்ததாக நினைத்தீர்களே, அதோடு வரும் பட்டியலையும் அவனிடம் கொடுத்துவிடுங்கள்.

இதே மேற்குப் புறநகரில் பிள்ளை பெற்றுக்கொள்ள என்ன வழி என்று கேட்டால் முகம் சுளிப்பார்கள். ஆவடியிலும் பூந்தமல்லியிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது, பிரசவத்துக்குக் கட்டணம் இல்லை. சிக்கலானால் 108 வரும், எழும்பூரில் 1844-இல் தொடங்கிய மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. ஏழைத் தாய்க்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 18,000 ரூபாய் உதவி. அம்பத்தூர் எஸ்டேட்டில் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு இ.எஸ்.ஐ. வழியாக 26 வாரச் சம்பளம். அமெரிக்கப் பெண்களுக்கு நாடு தழுவிய சட்டப்படி சம்பளத்தோடு ஒரு நாள் மகப்பேறு விடுப்புகூடக் கட்டாயம் இல்லை என்பதை நீலப் புத்தக ரசிகர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

ஆனால் முகம் சுளிப்பவரை மட்டும் திட்டிவிட்டு அரசைத் தப்பவிட முடியாது. ஆண் குழந்தைக்கு ஒரு ரேட்டு, பெண் குழந்தைக்கு ஒரு ரேட்டு என்று பிரசவ வார்டு வாசலில் கை நீட்டும் வழக்கத்தை ஒழிக்க எந்த ஆட்சிக்கும் மனம் வரவில்லை. ஒப்பந்தத் தொழிலாளி என்று பெயர் சூட்டி இ.எஸ்.ஐ. இல்லாமல் வேலை வாங்குகிறவர்களைக் கண்டுகொள்ள அதிகாரிக்கு நேரமில்லை. தனியார் பக்கம் போனால், தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. 1955-இல் இதே ஆவடியில்தான் காங்கிரஸ் மாநாடு சோஷலிசப் பாணிச் சமுதாயத்துக்குத் தீர்மானம் போட்டது. எழுபது ஆண்டுகள் கழித்து அந்தச் சமுதாயத்தின் நடுத்தர வர்க்கம் தன் பேரப்பிள்ளை இங்கே பிறந்துவிடக் கூடாது என்று தீர்மானம் போடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "பிறந்த மண்ணில் குழந்தைக்கு உரிமை இல்லையா?" என்று டிரம்பைப் பார்த்துக் கொதித்தவர்கள் அம்பத்தூரிலிருந்து புழல் வரை ஒரு நடை போகட்டும். காவாங்கரையில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. டிரம்ப் செய்யத் துடித்ததை இந்தியா எப்போதோ செய்து முடித்துவிட்டது. 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக வேண்டும். 2004 டிசம்பரில் அது இன்னும் இறுகியது. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண், நான் இந்தியர் என்று நிரூபித்துப் பாஸ்போர்ட் வாங்க 2022-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போக வேண்டியிருந்தது. 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்திருந்தால் அதுவும் இல்லை. தமிழ்த் தாய்க்குத் தமிழ்நாட்டில் பிறந்த குழந்தை நாடில்லாமல் நிற்பதற்கு வராத கோபம், நியூ ஜெர்சியில் தேதி தவறியதற்கு வருகிறதென்றால், அந்தக் கோபத்துக்குப் பெயர் உரிமை உணர்ச்சி அல்ல, பேராசை.

அங்கேயே வேலை பார்த்து, அங்கேயே வரி கட்டி, அங்கேயே வாழும் பெண் அங்கே பிள்ளை பெறுவதில் யாருக்கும் வழக்கில்லை. அவளும் தன் பாலிசியில் பிரசவமும் குழந்தையும் சேர்ந்திருக்கிறதா, கைக்காசு எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். மற்றவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. டிக்கெட் போடுவதற்கு முன் பாலிசியின் விலக்குப் பக்கத்தைத் தமிழில் உரக்கப் படித்துக்காட்டச் சொல்லுங்கள், வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள் எதிரில். படித்துக்காட்ட மறுக்கும் ஏஜென்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். கேட்டபிறகு அவள் வேண்டாம் என்றால், அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். ரத்தம் போகப்போவது உங்களுக்கு அல்ல.