மடிக்கணினிக்குப் பல் பிடித்துப் பார்த்தல்: அன்னூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு லேப்டாப் வாங்குவது கணினியியலில் சேருமா, பொருளியலில் சேருமா என்று அறிஞர்கள் அடித்துக்கொள்ளலாம். இக்கட்டுரை இரண்டையும் மறுக்கிறது. அன்னூரைப் பொறுத்தவரை அது கால்நடை அறிவியலின் ஒரு கிளை.

ஆய்வுக்களம், சத்தி ரோடும் அவினாசி–மேட்டுப்பாளையம் ரோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பஸ் ஏறி, கோவில்பாளையம், சரவணம்பட்டி வழியாகக் காந்திபுரம் போய் விலை கேட்டுத் திரும்பும் குடும்பங்கள். காலம், பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாள் முதல் முதலாண்டு வகுப்பு தொடங்கும் வரை. நடுவில் ஆடி குறுக்கிடும். ஆடியில் புதுப்பொருள் ஆகாது என்று வீட்டில் ஒரு கட்சி. ஆடித் தள்ளுபடியை விட்டால் அப்புறம் தீபாவளிக்குத்தான் என்று எதிர்க்கட்சி. பொறியியல் கலந்தாய்வு இரண்டு கட்சியையும் கேட்டு நடப்பதில்லை.

நமது கருதுகோளுக்கு முதன்மைச் சான்றை அரசே தந்திருக்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று அப்போதைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். விலையில்லாக் கறவை மாடு திட்டமும் தொடங்கியது அதே நாளில்தான். மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கூட அன்றைக்குத்தானே வந்தன என்று ஆட்சேபிப்போர் உண்டு. கருதுகோளுக்கு ஒத்துவராத தரவை ஒதுக்கிவைப்பது ஆய்வுலகில் புதிதல்ல, ஒதுக்கிவிட்டோம்.

அந்தத் திட்டத்தின் பெரும்பேறு, தேர்ந்தெடுக்கும் தொல்லை இல்லாததுதான். எல்காட் டெண்டரில் எது வந்ததோ அது வீட்டுக்கு வந்தது. விண்டோஸோடு சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் உள்ளே இருந்தது. பிள்ளைகள் எதைத் திறந்தார்கள் என்பது ஊரறிந்த சேதி. 2025 மார்ச் பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ டேப்லெட்டோ என்று மறுபடி அறிவிப்பு வந்தது. பட்டியலில் பேர் வராத வீடுகளே நமக்கு ஆய்வுப்பொருள்.

கொங்கில் மாடு பிடிக்க யாரும் தனியாகப் போவதில்லை. லேப்டாப்புக்கும் அப்படியே ஒரு குழு கூடுகிறது. தலைவர் தாய்மாமன். தொழில்நுட்ப உறுப்பினர், சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை பார்க்கும் அத்தை மகன். அவர் அனுப்பும் மூன்று லிங்க்கும் பட்ஜெட்டுக்கு 20,000 ரூபாய் மேலே நிற்கும். அவருடையது கம்பெனி கொடுத்த லேப்டாப். சொந்தக் காசில் அவர் இதுவரை ஒன்றும் வாங்கியதில்லை. தறி ஓட்டும் பக்கத்துத் தோட்டத்து அண்ணன், “வாங்கறது வாங்கறீங், ஐ செவனாப் பாத்து வாங்கிப் போடுங்” என்பார். அப்புச்சியின் அளவுகோல் எடை: “நல்லா கனமா இருக்கோணும் கண்ணு, அப்பத்தான் தாங்கும்.” கேமிங் லேப்டாப் சார்ஜரோடு சேர்ந்தால் மூன்று கிலோவைத் தொடும். அதைத் தோளில் போட்டுக்கொண்டு காலை நேரப் பஸ்ஸில் காந்திபுரம் வரை நின்று போகப்போவது பி.காம். சேர்ந்திருக்கும் பேத்தி. குழுவில் அவளுக்கு ஓட்டு இல்லை.

இனி பல். மாட்டின் வாயைப் பிரித்து ரெண்டு பல், நாலு பல், ஆறு பல் என்று வயது சொல்வார்கள். எட்டுப் பல் வந்தால் கடை சேர்ந்தது. இன்டெல் பிராசசரில் பல் இருப்பது கோட்டுக்கு அப்புறம். ஐ5-7200யூ ஏழாம் தலைமுறை, ஐ5-8250யூ எட்டாம் தலைமுறை, ஐ5-1135ஜி7 பதினொன்று. கணக்கு மட்டும் தலைகீழ்: மாட்டுக்குப் பல் ஏற ஏற வயசு, இதற்கு எண் ஏற ஏற இளமை. பக்கத்துத் தோட்டத்து அண்ணனின் ஐ செவன் ஆறு பல்லாக இருந்தால், பதினொரு பல் ஐ த்ரீயே அதை ஓரங்கட்டிவிடும். இதை அவரிடம் யார் சொல்வது என்பது தனி ஆய்வு.

எட்டு என்ற எண்ணுக்கு மாட்டுச் சந்தையில் உள்ள மதிப்பு இங்கேயும் வந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல்தான். ஆகவே ஆபீஸ்களில் கழித்துக் கட்டிய ஆறு பல், ஏழு பல் உருப்படிகள் செகண்ட் ஹேண்ட் கடையில் வரிசையாக நிற்கின்றன. லினக்ஸ் போட்டுக்கொண்டு பைத்தான் எழுதும் பிள்ளைக்கு அவை இன்னும் உழைக்கும். டேலிதான் வேண்டும் என்றால் எட்டுக்குக் கீழே கை வைக்க வேண்டாம்.

கொம்பைச் சீவி எண்ணெய் தடவிக் கிழமாட்டை இளசாகக் காட்டுவது தரகர் கலை. அதையும் கம்பெனிகள் கற்றுக்கொண்டன. ஏ.எம்.டி.யின் ரைசன் 5 7520யூ பெயரில் முதல் எண் 7. அது 2023 வரிசை என்பதைக் காட்டும். உள்ளே எது என்று சொல்வது மூன்றாவது எண். அது 2. அதாவது 2019-இல் வந்த ஜென் 2 கட்டமைப்பு. டைப் அடிக்க இது தாராளமாகப் போதும். புது மாட்டு விலை கொடுக்கலாமா என்பதே கேள்வி.

பழைய லேப்டாப்பில் உண்மையான பல் பேட்டரி. கடைக்காரர் மூடியைத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருப்பார். கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி, ஓர் இடைவெளி, சாய்கோடு, பேட்டரிரிப்போர்ட் என்று அடித்தால் ஒரு பக்கம் வரும். டிசைன் கெப்பாசிட்டி 50,000, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி 29,000 என்று காட்டினால், கறவை பாதிக்குக் கிட்ட வற்றிவிட்டது. அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினால் விலை இறங்கும். அந்தக் காலத்தில் துண்டுக்குள் விரலைப் பிடித்து இறக்கியதை இங்கே திரையைக் காட்டி இறக்குகிறோம்.

மற்றவை சுருக்கமாக. 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி: இதற்குக் கீழே போனால் கறவையே இல்லை. ஆட்டோகேட், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ உள்ள படிப்புக்கு 16. ராம் போர்டோடு சால்டர் செய்ததா, பிறகு ஏற்ற இடம் உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கீபோர்டு வெளிச்சம், மூடியின் நிறம் எல்லாம் சுழி பார்ப்பதில் சேரும்; நம்புகிறவர்கள் பார்க்கட்டும்.

ஆய்வின் முக்கிய முடிவு இனிமேல்தான். பொறியியல் சேரும் பிள்ளைக்கு முதல் செமஸ்டரில் லேப்டாப்பே தேவையில்லை. பெரும்பாலான கல்லூரிகளில் என்ஜினியரிங் கிராஃபிக்ஸ் இன்றும் டிராஃப்டரும் பென்சிலுமாகத் தாளில்தான் நடக்கிறது. புரோகிராமிங்குக்கு லேப் இருக்கிறது. எந்த சாஃப்ட்வேர் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு ஆறு மாதம் கழித்து வாங்கினால் பணமும் மிச்சம், ஆடிச் சண்டையும் இல்லை.

இந்த முடிவை அன்னூர்க் குழு ஒருமனதாக நிராகரித்தது. மாமன் மகள் போன வருசமே வாங்கிவிட்டாளாம்.