பல்லவியும் அவரே, சரணமும் அவரே

அமெரிக்கக் கல்லூரிகளில் சாஃப்ட்பால் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர், பந்து எறியக் கற்றுத்தர ஒருவர், மட்டை வீசக் கற்றுத்தர ஒருவர், காலுக்குக் கட்டுப்போட ஒருவர் என்று ஒரு பந்திக்கே ஆள் இருக்கும். காரைக்கால் பக்கம் நான் பார்த்த ஒரு கல்லூரியிலும் அத்தனை பேரும் உண்டு. பெயர் மட்டும் ஒன்றுதான்: பி.டி. சார்.

காலையில் கபடிக்கு விசில். மதியம் வருகைப் பதிவேடு. மாலையில் சுண்ணாம்புத் தூளோடு குனிந்து, 60 அடிக்கு ஒரு பேஸ் என்று கட்டம் போடுகிறார். ஆட்ட விதிப்படி முதல் பேஸ் அருகே ஒரு பயிற்சியாளர், மூன்றாவது அருகே ஒருவர் நிற்கலாம். மூன்றாவதில் சார் நிற்பார். முதலாவதில் அவருடைய ஸ்கூட்டர் நிற்கும். "ஓடவா சார்?" என்று அங்கிருந்து ஒரு பெண் கத்தினால், அவர் சொல்லும் பதிலைக் கடற்காற்று வாரிக்கொண்டு போய்விடும்.

1887-ல் சிகாகோவில், குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிப் பந்தாக்கி, துடைப்பக் கட்டையால் அடித்துப் பிறந்த ஆட்டம் இது. அந்தப் பாரம்பரியம் வழுவாமல்தான் சாரின் கல்லூரியில் உபகரணங்களும் இருக்கின்றன.

கேட்ச் பயிற்சிக்கு மட்டும் குறைவில்லை. மாங்கனித் திருவிழாவில் மாடிகளிலிருந்து பழங்களை இறைக்க, ஊரே பாய்ந்து பிடிக்கிறது. அப்படியும் போட்டியில் பந்து நழுவினால் சார் கோபிப்பதில்லை.

"காரைக்கால் அம்மையார் புருஷன் கையில கொடுத்த மாம்பழமே மாயமாப் போன ஊரும்மா இது. பந்து போனா என்ன?"