தீப்பெட்டிப் படம்

கேள்வி: பீர் பாட்டில் லேபிளைக்கூட கலை என்று சேகரிக்கிறார்களாமே?
– ஒரு வாசகி, ஆம்பூர்

பதில்: சேகரிக்கட்டுமே! இங்கிலாந்தின் பாஸ் பீருக்கான சிவப்பு முக்கோணம்தான் அந்நாட்டில் 1876-இல் பதிவான முதல் வணிகச் சின்னம். 1882-இல் ஓவியர் மனே தன் மதுக்கூட ஓவியத்தில் அந்த பாட்டிலையே வரைந்துவிட்டார். உங்களுக்கோ அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்துக் குடியாத்தமே தீப்பெட்டி ஊர். எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் கடையில் 'கப்பல் தீப்பெட்டி குடுங்க' என்று கேட்டது படத்தை நம்பித்தான். ஸ்வீடனிலும் ஜப்பானிலும் செய்து இங்கே விற்ற பெட்டிகளிலும் நம் சாமிகள்தான். வாங்குபவர் கண் எங்கே நிற்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பெட்டி 2 ரூபாய் ஆனதே 2021 டிசம்பரில். ஒரு பீர் விலைக்கு ஐம்பது ஓவியங்களுக்கு மேல் வாங்கலாம், தலையும் சுற்றாது. வரைந்தவர் பெயர் பெரும்பாலும் அதில் இருக்காது. குச்சி தீர்ந்த பிறகு படத்தையாவது எடுத்து வையுங்கள்.