மாயாவிக்கு 100 யூனிட் போதுமா?

சிவகாசியிலிருந்து கூரியரில் கொட்டிவாக்கம் வந்திறங்கியிருக்கிறது இரும்புக்கை மாயாவியின் இன்னொரு மறுபதிப்பு. 1962இல் லண்டனில் பிறந்து, 1972இல் முத்து காமிக்ஸ் வழியே தமிழ் பேசத் தொடங்கியவர். கதை? அதேதான். மின்சாரத்தைத் தொடுவார், உடல் மறையும், கை மட்டும் அந்தரத்தில் அலையும். வில்லனின் ஆட்கள் இன்றைக்கும் முதல்முறை பார்ப்பதுபோல அலறுகிறார்கள். மெயின் ஸ்விட்சை அணைக்க இத்தனை வருஷத்தில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை! தாள் மட்டும் வழவழப்பாகிவிட்டது, விலையும்தான். அன்றைய டவுசர் பையன்கள் இன்று ஈசிஆர் அடுக்ககங்களில் பேரனுக்கென்று சொல்லி வாங்கி, அவன் கைக்கு எட்டாத உயரத்தில் அடுக்குகிறார்கள். என் கவலை வேறு. மாயாவி இங்கே குடிவந்தால், அரசு இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தரும் 100 யூனிட் மின்சாரம் எத்தனை சாகசத்துக்கு வரும்? நடுவில் கரண்ட் போனால், வில்லன் வீட்டுக் கூடத்தில் முழு உருவமாக நின்று குடிக்கத் தண்ணீர் கேட்க வேண்டியதுதான்.